ராசுவுக்கு ஒரு ஹோரா

அந்த அம்மா இருக்கிற இடத்தில் யாரும் ஒதுங்கி நிற்க முடியாது. சுவரோரமாக ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், நேராகப் போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து கூட்டத்துக்கு நடுவே விட்டுவிடுவார். லாரி டிரைவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், தண்ணீர் வண்டிக்காரர் என்று ஆள் வித்தியாசம் கிடையாது. "எதுக்கு அங்கன நிக்கீக? இங்கன வாங்க" என்பார். குரலை மட்டும் கேட்டால் சாத்தூர்ப் பக்கத்துப் பொம்பளை என்றுதான் நினைப்பீர்கள். திரும்பிப் பார்த்தால் வெள்ளைத்தோல், பூனைக்கண். ரோமானியா தேசத்தில் பிறந்தவர்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் சரியாக வராது. எங்கள் நாரணாபுரத்தில் ஒருத்தர் வாயிலும் அது சரியாக வந்ததில்லை. தொழிலாளிப் பெண்களுக்கு அவர் அக்கா. எனக்கு என் கம்பெனி கெமிஸ்டின் சம்சாரம். நேரில் 'யம்மா' என்று கூப்பிடுவேன்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். சொல்ல வெட்கமில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி ஆரம்பித்தவன், சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி போட்டேன். பீகார் வரைக்கும் என் லேபிள் ஒட்டிய சரவெடி போகிறது. கல்லூரி படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருத்தர்தான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிற பெரிய குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் உதவித்தொகை வாங்கி ரோமானியா போய் ரசாயனம் படித்தார். படிப்போடு ஒரு பெண்ணையும் கூட்டி வந்ததால் வீட்டில் சேர்க்கவில்லை. பெரிய இடத்துப் பகை நமக்கு எதற்கு என்று ஊரில் ஒருத்தனும் வேலை கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். என் வீட்டுக்குப் பின்னாலேயே குடியிருக்க வீடும் கொடுத்தேன். எவனுக்கும் பயந்து நான் தொழில் செய்ததில்லை.

அவர்கள் ஊர் ஆட்டத்துக்கு ஹோரா என்று பெயர். சாயங்காலமானால் பின்வீட்டில் டேப் ரிக்கார்டர் பாட ஆரம்பித்துவிடும். பிடில் இழைக்கும். நம்ம ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற மாதிரி ஒரு பெட்டி கூடவே வரும். கம்பிகளைக் குச்சியால் தட்டுகிற வாத்தியம் ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. முதலில் லோடு வண்டி மேடு ஏறுகிற வேகம்தான் இருக்கும். அப்புறம் சூடு பிடித்துவிட்டால் சரவெடிக்குத் திரி கொளுத்தினது போலத்தான், இடையில் நிறுத்த முடியாது.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. எல்லாரும் வட்டமாக நின்று கையைக் கோத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் நகர வேண்டும். அப்புறம் எல்லாரும் நடுவை நோக்கிப் போவார்கள், வட்டம் சுருங்கும். பின்னால் வருவார்கள், விரியும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். யாராவது புதிதாக வந்தால் எந்த இடத்திலும் கையைப் பிரித்து உள்ளே சேர்ந்துகொள்ளலாம். இடம் இல்லை என்று சொல்லவே கூடாதாம். அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

செல்லத்தாய் என்று ஒருத்தி என் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினாள். முளைப்பாரிக் கும்மியில் அவள் பாட்டை அடிக்க எங்கள் வட்டாரத்தில் ஆள் கிடையாது. அந்த அம்மாவுக்கும் அவளுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்துவிட்டு நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு பின்வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த அம்மா ஹோரா சொல்லிக் கொடுப்பார். எங்கள் பெண்களுக்குப் பழக்க தோஷம், வட்டமாக நின்றாலே கை தட்டத்தான் வரும். பாட்டு வேகமெடுத்ததும் பிடித்த கையை உதறிவிட்டுக் கும்மி தட்டிவிடுவார்கள்.

"கையை விடாத, கையை விடாதன்னு எம்புட்டு மட்டம் சொல்றேன்!" என்று அந்த அம்மா கத்துவார்.

"இது என்னக்கா ஆட்டம்? புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ரோடு கடக்குற மாதிரி. கை தட்டுனாத்தானக்கா ஒரு எடுப்பு?"

"தட்டுறதுக்கு ஒரு ஆளு போதும்ல. பிடிக்கிறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும்."

செல்லத்தாய் சிரித்துக்கொண்டே மறுபடி கையைக் கொடுப்பாள். அந்த அம்மாவின் மகன் ராசு வாசல்படியில் உட்கார்ந்து டேப்பைத் திருப்பித் திருப்பிப் போடுவான். தாயைப் போல நிறம், தகப்பனைப் போலச் சுருட்டை முடி, பேச்சு மட்டும் சுத்த நாரணாபுரம். "யாத்தா, செல்லத்தாய் அத்தை கால்ல சக்கரம் கட்டியிருக்கு, அவுத்து விடு" என்று கேலி பேசுவான்.

என் மகள் கல்யாணத்தை விருதுநகரில் பெரிய மண்டபம் பிடித்து நடத்தினேன். அந்த மண்டபம் அதற்கு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. சம்பந்தி பருப்பு மண்டிக்காரர், பெரிய குடும்பம். சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ராசு எங்கிருந்தோ டேப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். அந்த அம்மா எழுந்தார். மாப்பிள்ளை, பெண், என் மனைவி என்று வரிசையாகக் கையைப் பிடித்துக் கிளப்பினார். சம்பந்தியையும் விடவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஆட்டுரல்காரரையும் எச்சில் இலை எடுக்கிற பெண்ணையும் இழுத்து வந்து சம்பந்திக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிறுத்திக் கையைக் கோத்துவிட்டார்.

சம்பந்தி முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஒரு சுற்று வந்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "என்ன அண்ணாச்சி, யாரு கையை யாரு பிடிக்கிறதுன்னு ஒரு வரைமுறை வேண்டாமா?" என்றார்.

"வெளிநாட்டுப் பழக்கம் சம்பந்தி. நானே குச்சி அடுக்குன கைதான். என் கையைப் பிடிக்கலையா நீங்க?" என்றேன்.

வட்டம் அதுபாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. ராசு கல்யாணப் பெண்ணுக்கும் இலை எடுக்கிற பெண்ணுக்கும் நடுவில் நின்று காலை உதறி உதறி ஆடினான். அந்த அம்மா மகனையே பார்த்துக்கொண்டு ஆடினார்.

அடுத்த கோடையில் அந்தப் பையன் போய்விட்டான். கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் கூட்டாளிகளோடு குளிக்கப் போனவன் மேலே வரவில்லை. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஒரே பிள்ளை.

எங்கள் ஊர் எழவு வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்கள் வட்டமாகக் கூடி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக் கட்டிக்கொண்டு, தலையை முட்டிச் சுற்றி வந்து அழுவார்கள். அன்றைக்கு என் கம்பெனியே அங்கே வந்துவிட்டது. செல்லத்தாய்தான் ஒப்பாரியை எடுத்தாள். அந்த அம்மா முதலில் மிரண்டு போய்ப் பார்த்தார். பிறகு அவரையும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். முதல்முறையாக அவர் யாரையும் இழுக்காமல் மற்றவர்கள் அவரை இழுத்தார்கள். அவர் அந்தத் தோள்களைப் பிடித்த பிடியை நான் பார்த்தேன். அழுகை வரவில்லை அவருக்கு. ஏதோ புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே சுற்றி வந்தார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து கறுப்புச் சேலைதான். தலைக்குப் பூ கிடையாது. டேப் சத்தமும் கிடையாது. கறுப்பு அவர்கள் ஊர் துக்க நிறமாம், அது போகட்டும். பூ வைக்காததுதான் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைப்பூவோடு போவாள். தவறாமல் திரும்பி வருவாள்.

"புருசன் கல்லு மாதிரி இருக்கப்ப மொட்டத் தலையா நிக்கலாமாம்மா? அவரு ஆயுசுக்கு ஆகாது."

"இன்னும் எறங்கலையே மதினி. எறங்குன அன்னைக்கு வச்சிக்கிடுதேன். ஒங்க கையாலதான் வச்சுவிடணும்."

எது இறங்கவில்லை என்று என் மனைவிக்கு விளங்கவில்லை. புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

வருஷம் திரும்பியது. திதிக்கு எங்களில் குடும்பத்தோடு கும்பிட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம், ஊரைக் கூப்பிட மாட்டோம். அன்றைக்குக் காலையில் நான் பின்பக்கம் போனபோது அந்த அம்மா முற்றத்தைக் கூட்டித் தெளித்துவைத்திருந்தார். நடையில் ஒரு பெஞ்சு. அதன்மேல் வெள்ளைத் துண்டுகள், ஓரத்தில் சிவப்பு நூலால் பூவேலை செய்தவை, அடுக்கடுக்காக. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு மெழுகுவர்த்தி. மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"யாரும்மா வாராக?" என்றேன்.

"எல்லாரும் வருவாகள்ல அண்ணாச்சி. அன்னைக்கு வந்தாகள்ல."

மத்தியானம் வரை நின்றார். ஒருத்தரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கம்பெனியில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக்காரர் கெமிஸ்ட், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், உள்ளே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் எனக்கு விளக்கினார்.

இந்த அம்மா பிறந்த பக்கத்தில் சின்ன வயதுப் பிள்ளை செத்துப்போனால் அந்த வீட்டார் ஆட்டத்துக்கே போகமாட்டார்கள். காலம் கழித்து, ஊரே கூடி ஆடுகிற ஒரு நல்ல நாளில், செத்தவன் பெயரைச் சொல்லி ஒரு ஹோரா கொடுப்பார்களாம். அவனைத் தெரிந்தவர்கள் எல்லாம் வட்டமாக நிற்க, ஆளுக்கொரு துண்டும் மெழுகுவர்த்தியும் கொடுப்பார்கள். தாய் அந்த வட்டத்தில் சேர்ந்து ஆட வேண்டும். ஆட்டம் அவனுக்குப் போய்ச் சேரும். அதோடு துக்கம் இறங்கும், இருக்கிறவர்கள் மனுஷராக நடமாடலாம். எங்கள் பெண்கள் எழவன்று வட்டமாக நின்றதைப் பார்த்து, இந்த ஊருக்கும் இது தெரியும், இது முதல் பாதி, மறுபாதிக்கு இவர்களே வருவார்கள் என்று அந்த அம்மா ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்.

"தம்பி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிண்ணாச்சி சொல்ல? எம் பிள்ளை செத்ததுக்கு வந்து ஆடுங்கன்னா?"

அவர் கேட்டது சரிதான். ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? லைசென்ஸ் கிடைக்காது என்றார்கள், வாங்கினேன். எங்கள் தெருவுக்குத் தார் ரோடு வராது என்றார்கள், கொண்டுவந்தேன். நேரே முற்றத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "ராசுவுக்கு ஆட்டம் உண்டும்மா. நான் நடத்தித் தாரேன். துண்டையெல்லாம் பத்திரமா எடுத்து வைங்க."

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறை அழுதார்.

நல்ல நாள் என்றால் எங்களுக்கு போனஸ் நாள்தான். தீபாவளிக்கு முந்தி கடைசி லோடு அனுப்பிவிட்டுக் கம்பெனியை மூடுகிற அன்றைக்குச் சேலை, ஸ்வீட், போனஸ் எல்லாம் கொடுப்போம். அதைவிடச் சந்தோஷமாக எங்கள் பெண்களை வேறு நாளில் பார்க்க முடியாது. நான் அந்த நாளைச் சொன்னதும் வீட்டில் இடி விழுந்தது.

"நல்ல நாளும் அதுவுமா எழவு ஆட்டமா?" என் மனைவி சோற்றுக் கரண்டியோடு வந்தாள். "வெடிமருந்து இருக்கிற எடத்துல சாவுன்னு வாயில சொல்லவே மாட்டோம். அங்கன போயி செத்தவனைக் கூப்பிடப் போறீகளா?"

"கம்பெனிக்குள்ள இல்லடி. கேட்டுக்கு வெளிய, பொட்டல்ல."

"மண்ணு ஒண்ணுதான?"

பெண்களும் அதையேதான் முணுமுணுத்தார்கள். நான் முதலாளி, ஆடு என்றால் ஆடிவிட்டுப் போவார்கள். ஆனால் முறுக்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேருமா? அதைச் சரிக்கட்டியது செல்லத்தாய்தான். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏட்டி, அந்தக்கா நம்மள எத்தன மட்டம் கையப் பிடிச்சு இழுத்திருக்கும்? ஒருத்தியயாவது தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கா? ஒரு நாளு நம்ம கையக் கொடுத்தா அழுகியா போவும்?"

"ஒம் புருசன் சம்மதிப்பானா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் புருஷன் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன்.

"அந்த மனுசனா? அவரு வந்து நடுவுல நின்னு ஆடாம இருந்தாச் சரி."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காரியம் முடிந்தது.

போனஸ் நாளும் வந்தது. பெண்கள் எல்லாரும் புதுச்சேலைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொருத்தரிடமும் போய், "ராசுவுக்கு" என்று சொல்லித் துண்டும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தக் கூடாது என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். எந்தப் பட்டாசுக்காரனும் கம்பெனி வாசலில் தீக்குச்சி உரச விடமாட்டான். "பத்த வைக்காட்டியும் அவனுக்கு வெளிச்சந்தான் அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டார். பெண்கள் மெழுகுவர்த்தியைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

வட்டம் நின்றது. பெரிய வட்டம். என் மனைவியும் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்துகொண்டாள், கையில் பூப்பொட்டலத்தோடு. கெமிஸ்ட் தம்பி டேப்பைப் போட்டார். பிடில் இழைத்தது. அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் செல்லத்தாய், மறுபக்கம் என் மனைவி. கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். வட்டம் பக்கமாக நகர்ந்தது. ஒருத்திகூடக் கும்மி தட்டவில்லை, ஒருத்திகூடக் கையை விடவில்லை. நடுவை நோக்கிப் போனார்கள். பின்னால் வந்தார்கள். செல்லத்தாய்க்கு அடக்க முடியவில்லை, அந்தப் பாட்டின் போக்குக்கே "ராசா வந்தாரோ, எங்க ராசு வந்தாரோ" என்று எடுத்துவிட்டாள். மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். அந்த அம்மா தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் வெடி விபத்து என்றால் சத்தம் அப்புறம்தான் காதில் விழும், முதலில் காலில் விழும். பூமி ஒரு உதறு உதறும். ஆடிக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அப்புறம்தான் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. அங்கே கடைசி ஆர்டர் முடியாமல் அன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

எல்லாரும் கையை உதறிவிட்டு ஓடினார்கள். எல்லாருக்கும் அண்ணனோ தம்பியோ மகளோ ஏதாவது ஒரு கம்பெனியில் உண்டு. செல்லத்தாயால் மட்டும் ஓட முடியவில்லை. அந்த அம்மா அவள் கையை விடவில்லை.

"விடுக்கா! அந்த மனுசன் அங்கனதான் இருக்காரு, விடு!"

"முடியலையே, இன்னும் முடியலையே" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் அவருக்குக் காதில் விழுந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். பாதியில் விட்டால் பிள்ளைக்குப் போய்ச் சேராது, அது ஒன்றுதான் அவர் தலையில் இருந்தது. செல்லத்தாய் குனிந்து அந்தக் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். பொட்டலில் துண்டுகள் இறைந்து கிடந்தன. டேப் அதுபாட்டுக்குப் பாடியது.

அவள் புருஷன் போய்விட்டான். கூட வேலை செய்தவர்களும் போனார்கள். ஓடிப் போயிருந்தாலும் அவள் உயிரோடு பார்த்திருக்க முடியாது. அவர்கள் மருந்து கலந்த அறையே இல்லை. நானே போய்ப் பார்த்தேன், இதைச் சத்தியமாகச் சொல்லுவேன். ஆனால் நான் சொல்லி யார் கேட்டார்கள்? செத்தவனுக்கு ஆட்டம் போட்டார்கள், அவன் துணைக்கு ஆள் கூட்டிப் போய்விட்டான் என்று பேச்சு ஆமத்தூர் வரைக்கும் போனது. கலவை அறையில் அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்தார்கள் என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். அதைப் பேச ஒருத்தரும் இல்லை. ஆட்டத்தைப் பேசத்தான் ஊர் இருந்தது.

எழவு வீட்டுக்கு அந்த அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். தெருவில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். எல்லாம் அன்றைக்குப் பொட்டலில் நின்ற அதே பெண்கள். இவர் போய் இரண்டு பேருக்கு நடுவில் கையை வைத்தார். அவர்கள் நெருங்கிக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் நெருங்கிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வராத. ஒம் பிள்ளைக்கு ஆடப் போயி எம் பிள்ளைகள அப்பனில்லாத பிள்ளைகளாக்கிட்டேன். வராத, போயிரு."

அந்த அம்மா எதிர்ச் சுவரோரமாகப் போய் நின்றார். பிணம் எடுக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். ஒருத்தரும் போய்க் கையைப் பிடிக்கவில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை.

நான் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவன் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பின்வீட்டுக்குப் போனேன். "யம்மா, நாங்க இருக்கோம். நின்னதை முடிச்சிருவோம்" என்றேன். கெமிஸ்ட் தம்பி ஒரு கையைப் பிடித்தார், நான் ஒரு கையைப் பிடித்தேன். நானும் தம்பியும் கையைக் கோத்தோம். எனக்கு மூட்டு வலி, ஆனாலும் நின்றேன். அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு எட்டு வைத்தார். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இப்ப ராசுவுக்கு மட்டும் ஆட முடியாது. செல்லத்தாய் புருசனுக்கும் சேத்து ஆடணும். அவ வரட்டும்."

"அவ வரமாட்டாம்மா."

"வருவா. அவளுக்கும் எறங்கணும்ல."

மறுபடியும் துண்டு தைக்க ஆரம்பித்தார். இந்த முறை நீல நூல். செல்லத்தாய் என் கம்பெனியை விட்டு நின்று, ஏழாயிரம்பண்ணைக்கு வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வேன் எங்கள் வீட்டு முனையில்தான் நின்று ஆள் ஏற்றும். தினமும் காலையில் அந்த அம்மா கேட்டைத் திறந்து நிற்பார். செல்லத்தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிப் போவாள். "செல்லத்தாய், சாப்பிட்டியா?" என்று கேட்பார். பதில் வராது. மழை நாளிலும் அந்தக் கேள்வி நின்றதில்லை. எத்தனையோ சீசன் இப்படியே போனது. நான் செல்லத்தாயிடம் நேரில் பேசிப் பார்த்தேன், ஆள் விட்டுப் பேசிப் பார்த்தேன். லைசென்ஸ் ஆபீசரைத் தலையாட்ட வைக்கத் தெரிந்த எனக்கு, ஒரு பொம்பளையை ஒரு வார்த்தை பேச வைக்கத் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனேன், செலவைப் பார்க்கவில்லை. திரும்பிக் கொண்டுவந்த பிறகு கொஞ்ச நாள்தான் இருந்தார். கறுப்புச் சேலையோடுதான் போனார்.

எழவுக்கு வராமல் இருப்பது எங்கள் ஊரில் கிடையாது. பகையாளியும் வந்துவிட வேண்டும். அத்தனை பெண்களும் வந்தார்கள். செல்லத்தாயும் வந்தாள். அவளே முதலில் கையைத் தூக்கிப் பக்கத்தில் நின்றவள் தோளில் போட்டாள். வட்டம் கட்டிக்கொண்டது. அவள்தான் பாட்டெடுத்தாள்.

"எட்டாத தேசம் விட்டு எங்க ஊரு வந்தவளே,
கிட்ட வந்து நிக்கேனே, கண் முழிச்சுப் பாரக்கா..."

மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவே அழுதது. அவர் உயிரோடு இருந்தவரைக்கும் கேட்டுக் கிடைக்காத வட்டம், அவரைப் பெஞ்சில் கிடத்தின பிறகு சுற்றிச் சுற்றி வந்தது. என் மனைவி அழுதுகொண்டே அவர் தலையில் பூவை வைத்தாள். சுமங்கலியாகப் போனவளுக்கு வைக்கத்தானே வேண்டும்.

வருஷம் திரும்புகிற நேரத்தில் நான் வேன் நிற்கிற முனைக்குப் போனேன். செல்லத்தாய் தூக்குவாளியோடு நின்றாள்.

"ஏத்தா, அந்த அம்மாவுக்கும் ராசுவுக்கும் ஒம் புருசனுக்கும் சேத்து ஒரு ஆட்டத்தை முடிச்சு வச்சிருவோமா? துண்டெல்லாம் அப்படியே இருக்கு. டேப்பும் இருக்கு. ஒன்னைய விட்டா அந்த ஆட்டம் தெரிஞ்சவ யாரு இருக்கா?"

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை.

"காலுக்கு மறந்து போச்சு மொதலாளி."

வேன் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் நெருக்கி அவளுக்கு இடம் விட்டார்கள். ஏறிப் போய்விட்டாள்.